அடுத்த கால்

அந்த டாக்டரம்மா என் முகத்தை நிமிர்ந்து பார்த்தது எங்கள் மூன்றாவது சந்திப்பில்தான். முதல் இரண்டு தடவையும் என் காலோடுதான் பேசினார். "செருப்பு இடது பக்கமாத் தேயுது. குதிகால் வெடிச்சிருக்கு. அப்பாவுக்குச் சர்க்கரை இருந்துச்சா?" என்று என் பாதத்தைப் பார்த்துக் கேட்டால் பதிலை யார் சொல்வது, நானா, பாதமா? எனக்குக் கொஞ்சம் கடுப்பாகத்தான் இருந்தது. ஃபேக்டரியில் பத்துப் பேரை வேலை வாங்குகிறவன் நான். முகம் என்று ஒன்று எனக்கும் இருக்கிறது.

பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னாலும் பாதிப் பேருக்குத் தெரியாது. எழுபதுகளின் கடைசியிலும் எண்பதுகளிலும் திருச்சியில் அவரைக் 'கால் டாக்டரம்மா' என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். மன்னார்புரம் முக்கிலிருந்து உள்ளே போகும் தெருவில் ஓட்டு வீடு, அதன் முன்னறையில் கிளினிக். பாலக்கரைப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வெளிநாட்டில் சில வருஷம் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். மற்றவர்கள் டேப் ரெக்கார்டரும் சென்ட் பாட்டிலும் கொண்டுவருவார்கள். இவர் ஒரு மெஷினைக் கொண்டுவந்தார்.

சோப்புப் பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய பெட்டி. அதிலிருந்து ஒரு வயர், வயரின் முனையில் பேனா மாதிரி ஒன்று. அந்தப் பேனாவைத் தோலில் வைத்தால் நம் காதுக்கு எட்டாத ஒலி உள்ளே போய், ஓடுகிற ரத்தத்தில் பட்டுத் திரும்பும். திரும்புவதை மெஷின் நமக்குக் கேட்கும்படி மாற்றித் தரும். உஷ், உஷ், உஷ். ரத்தம் ஓடினால் சத்தம் வரும். நின்றிருந்தால் வராது. சர்க்கரை வியாதிக்காரர்களின் காலில், விரல் நுனிவரை ரத்தம் போகிறதா இல்லையா என்று கேட்டுச் சொல்வதுதான் அவருடைய தொழில்.

கிளினிக்கில் 'அடுத்த ஆள் வரலாம்' என்ற பேச்சே கிடையாது. உள்ளேயிருந்து கணீரென்று ஒரு குரல் வரும்: "அடுத்த கால்!" கலெக்டர் ஆபீஸ் அதிகாரியாக இருந்தாலும் சரி, காந்தி மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவராக இருந்தாலும் சரி, அந்த நிமிஷத்தில் அவர் ஒரு கால். அவ்வளவுதான் மரியாதை. அதிகாரி ஒருவர் இதற்குக் கோபித்துக்கொண்டு எழுந்து போனார். மறுவாரம் அவரே திரும்பிவந்து வரிசையில் உட்கார்ந்தார். கட்டைவிரல் நிறம் மாறியிருந்தது.

நான் உள்ளே நுழைந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். திருவெறும்பூர்ப் பக்கம் ஒரு பெரிய தொழிற்சாலையில் எனக்கு வேலை. தடித்த இரும்புக் குழாய்களை வெல்டிங் வைத்து ஒட்டியிருப்பார்கள். அந்த ஒட்டுச் சரியாக விழுந்திருக்கிறதா என்று அல்ட்ராசவுண்டு வைத்துச் சோதிப்பது என் பிரிவு. கிரீஸைத் தடவி, ப்ரோப் என்கிற ஒலிமுனையை நகர்த்திக்கொண்டே போனால், உள்ளே வெடிப்பு இருக்கிற இடத்தில் எதிரொலி வரும். எங்களுடைய வெல்டர் ஒருவர் இந்த அம்மாவிடம் காலைக் காட்டப் போயிருக்கிறார். மெஷின் வாயடைத்துக் கிடந்திருக்கிறது. "எங்க ஃபேக்டரில ஒருத்தர் இருக்காரும்மா, இதே மாதிரி மெஷினை வச்சுத்தான் எங்க உயிரை எடுக்கறாரு" என்று சொல்லிவிட்டார், மகராசன். கூப்பிட்டு அனுப்பினார்கள், போனேன்.

"நான் இரும்பைப் பாக்கறவன் மேடம். இதெல்லாம் எனக்குத் தெரியாது" என்றேன்.

"உங்களுக்குச் சத்தம் வந்தா ரிப்பேர். எனக்குச் சத்தம் வராட்டி ரிப்பேர். வேற என்ன வித்தியாசம்? திறங்க."

திறந்தேன். வயரை மடக்கி மடக்கிப் பையில் போட்டதில் பிளக்கின் பக்கத்தில் பற்று விட்டிருந்தது. ஒரு பொட்டு ஈயம் வைத்தேன். மெஷின் இரைய ஆரம்பித்தது. அந்த அம்மா நன்றி சொல்லவில்லை. என் வலது காலைப் பிடித்து இழுத்து, கணுக்காலில் பேனாவை வைத்து, கண்ணை மூடிக் கேட்டார். "ம், வேலை செய்யுது" என்றார். மெஷினைச் சொன்னாரா, என் காலைச் சொன்னாரா என்று இன்றுவரைக்கும் தெரியாது. அன்றிலிருந்து எனக்குப் பெயர் 'ஃபேக்டரி', வாரா வாரம் மெஷினைப் பார்த்துக்கொள்வது என் வேலை.

ப்ரோபுக்கும் தோலுக்கும் நடுவில் காற்று இருந்தால் ஒலி போகாது. அதனால் ஜெல் தடவவேண்டும். வெளிநாட்டு ஜெல் தீர்ந்துபோனதும் எங்கள் கிரீஸைக் கேட்டார், தரமாட்டேன் என்றேன். ஒரு வாரம் கழித்துப் போனால், சமையற்கட்டில் ஜவ்வரிசிக் கஞ்சியைக் கெட்டியாகக் காய்ச்சி, துணியில் வடிகட்டி, ஹார்லிக்ஸ் பாட்டிலில் ஊற்றிக்கொண்டிருந்தார். கிளினிக் முழுக்க வடாம் பிழியப்போகிற வீட்டு வாசனை. "எறும்பு வரும் மேடம்" என்றேன். "வந்தா துடைப்பேன். சத்தம் கேக்குதா இல்லையா, அதைச் சொல்லுங்க" என்றார். கேட்டது, நன்றாகவே கேட்டது.

அவருக்கு ஒரு பிடிவாதம். அந்தப் பிடிவாதம்தான் அவர். மெஷினில் சத்தம் வராவிட்டால் நம்பமாட்டார். "சத்தம் வரலைன்னா ரத்தம் இல்லைன்னு அர்த்தம் இல்ல ஃபேக்டரி. எனக்குக் கேக்கலைன்னுதான் அர்த்தம்" என்பார். பேனாவைச் சாய்ப்பார், நிமிர்த்துவார், அரை நெல் தூரம் நகர்த்துவார். அழுத்தவே மாட்டார். "விரலுக்குப் போற குழாய் நூல் மாதிரி. நாம அழுத்தினா அதுவே அடங்கிடும். அப்புறம் இல்ல இல்லன்னு நாமே சாட்சி சொல்லுவோம்."

சத்தம் வந்தாலும் உடனே நம்பிவிடுவார் என்று நினைக்காதீர்கள். மண்ணச்சநல்லூரிலிருந்து ரைஸ் மில் முதலாளி ஒருவர் வந்தார். கணுக்காலில் பட்டை கட்டிக் காற்றடித்து அழுத்தம் பார்த்தார் டாக்டரம்மா. பாதரசம் உச்சியைத் தொட்டும் உள்ளே சத்தம் அடங்கவில்லை. "பாத்தீங்களா, என் காலுக்கு எவ்வளவு தெம்பு!" என்று அவர் சிரித்தார். டாக்டரம்மா சிரிக்கவில்லை. "தெம்பு இல்லைங்க. குழாய் கல்லாட்டம் இறுகிப்போச்சு, அதான் அமுங்க மாட்டேங்குது. இந்த நம்பர் பொய்" என்று பட்டையை அவிழ்த்துப் போட்டார். பிறகு விரல் விரலாகப் போய்க் கேட்டார். "டவுன் பஸ் மெயின் ரோட்ல ஓடுதான்னு கேக்காதீங்க. உங்க சந்துக்கு வருதான்னு கேளுங்க" என்பது அவர் எல்லோருக்கும் சொல்லும் வசனம். மில்காரர் அன்றைக்கே சிகரெட்டை விட்டார். விடவில்லையென்றால் மில்லுக்கே வந்து தொழிலாளிகள் முன்னால் செருப்பைக் கழற்றச் சொல்வேன் என்று டாக்டரம்மா மிரட்டியிருந்தார். செய்யக்கூடிய ஆள்தான்.

டாக்டரம்மா போகிற மாதா கோயில் சாமியார் ஒருவர் சொல்லிச் சிரித்ததுண்டு: "பாவசங்கீர்த்தனத்துக்கு வந்து மண்டியிட்டாங்க. பாவத்தைச் சொல்லுவாங்கன்னு பாத்தா, 'ஃபாதர், நீங்க நொண்டறீங்க, ஷூவைக் கழட்டுங்க'ங்கறாங்க!"

வாய் துடுக்கு. அதை மறைப்பதில் அர்த்தமில்லை. வெறுங்காலோடு வயலுக்குப் போன ஒரு அம்மாளைத் திட்டிய திட்டில் அவர் தேம்பித் தேம்பி அழுதார். எனக்கே அன்று கோபம் வந்துவிட்டது. "இப்படியா பேசறது?" என்று கேட்டேன். "நான் பேசினா அழுவாங்க. நான் பேசாட்டி இவங்க வீட்ல எல்லாரும் அழுவாங்க" என்றார்.

காலை வெட்டவே கூடாது என்கிற கட்சியும் இல்லை அவர். ஒரு டெய்லர் வந்திருந்தார். ஒரு காலைப் பொழுது முழுக்க டாக்டரம்மா அவருடைய காலில் தேடினார். எங்கும் ஒரு முனகல்கூட இல்லை. கடைசியில் அவரே போனை எடுத்து சர்ஜனிடம், "எடுத்துடுங்க. இன்னிக்கே எடுங்க, உயிராவது நிக்கும்" என்றார். வைத்துவிட்டு உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். வெளியே வரும்போது முகம் கழுவியிருந்தார். வந்ததும் வராததுமாக, "அடுத்த கால்!" என்றார். குரல் மட்டும் கொஞ்சம் இறங்கியிருந்தது.

இனி என் அண்ணாவின் கதைக்கு வருகிறேன். இத்தனையும் சொன்னதே அதற்காகத்தான்.

அண்ணா ஸ்ரீரங்கத்தில் ஸ்ரீபாதம் தாங்கி. பெருமாள் புறப்பாடு கண்டருளும்போது பல்லக்கின் தண்டைத் தோளில் ஏந்துகிற கைங்கர்யம். எங்களுக்குப் பரம்பரை. எனக்குத் தோள் சரிவு, கணக்கு நன்றாக வந்தது, அதனால் இரும்போடு போய்விட்டேன். அண்ணா பதினெட்டு வயதில் தண்டைத் தொட்டவர். எத்தனை பேர் தாங்கினாலும் அத்தனை காலும் ஒரே காலாக நடக்கவேண்டும். ஒருவர் தப்படி வைத்தால் பெருமாள் குலுங்குவார். அந்த நடைதான் ஸ்ரீரங்கத்துக்குப் பெருமை. செருப்பு என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை.

சித்திரை வெயிலில் வீதிக் கல் எப்படிக் கொதிக்கும் என்று நின்று பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். மற்றவர்கள் பல்லைக் கடிப்பார்கள். அண்ணா புன்சிரிப்போடு நடப்பார். "எனக்குச் சுடவே மாட்டேங்கறதுடா. ரெண்டு வருஷமா இப்படித்தான். எல்லாம் அவன் கடாட்சம்" என்பார். தாங்கிகள் கூட்டத்தில் மூத்தவர் ஒருவர் இருந்தார், பெரியவர் என்றே அழைப்போம். அவரும், "எனக்கும் சுடறதில்லை ஓய். கைங்கர்ய பலன்!" என்பார். மற்றவர்கள் அவர்கள் இருவரையும் கொஞ்சம் பொறாமையோடு பார்ப்பார்கள். நானும்தான் பார்த்தேன். கிளினிக்கில் வாரா வாரம் சர்க்கரைக் கால்களைப் பார்க்கிறவன், சொந்த அண்ணாவின் கால் மரத்துப்போனதைக் கடாட்சம் என்று நம்பினேன். இதைவிட வெட்கக்கேடு வேறு இல்லை.

கார்த்திகை தீபத்துக்கு மறுநாள் காலை மன்னி கூடத்தில் செம்மண் சிந்திக் கிடக்கிறது என்று துடைக்கப் போயிருக்கிறாள். செம்மண் இல்லை. அண்ணாவின் ஒற்றைப் பாதச் சுவடு, வாசலிலிருந்து சுவாமி உள்வரைக்கும் வரிசையாக. உடைந்த அகல் விளக்கின் சில்லு ஒன்று சுண்டுவிரலுக்குக் கீழே ஆழமாக இறங்கியிருந்தது. அண்ணா அதோடு தெருவெல்லாம் நடந்திருக்கிறார். "ஏன்னா, வலிக்கலையா?" என்று மன்னி அலறினாள். "இல்லையே" என்று அவரே ஆச்சரியப்பட்டார்.

மார்கழி பிறந்து சில நாளில் சுண்டுவிரல் கறுத்தது. பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் காட்டினோம். ரத்தத்தில் சர்க்கரை எக்கச்சக்கம். சர்ஜன் கெட்டிக்காரர், பொறுமையான மனிதர். பாதத்தில் நாடியைத் தேடினார், கைக்கு அகப்படவில்லை. "புண்ணு ஆறணும்னா ரத்தம் வரணும். ரத்தம் வர்ற அறிகுறி இல்லை. முழங்காலுக்குக் கீழே எடுத்துடலாம். திங்கக்கிழமை" என்றார். ஊசி மருந்தெல்லாம் அன்றைக்கே ஆரம்பித்துவிட்டார்கள்.

அண்ணா வீட்டுக்கு வந்து தூணில் சாய்ந்து உட்கார்ந்தார். தோள்பட்டையைத் தடவிக்கொண்டார். தண்டு அழுத்தி அழுத்திக் காய்த்துப்போன இடம் அது. "கால் போனா இந்தத் தோள் எதுக்குடா?" என்றார். என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

அன்று வெள்ளிக்கிழமை. மறுநாள் காலை என் ஸ்கூட்டரில் அவரைப் பின்னால் உட்காரவைத்து, காவேரிப் பாலத்துப் பனிக்காற்றில் விறைத்துக்கொண்டே மன்னார்புரம் போனேன்.

டாக்டரம்மா அண்ணாவின் முகத்தைப் பார்க்கவில்லை. கட்டை அவிழ்த்தார், புண்ணைப் பார்த்தார், கஞ்சியைத் தடவினார், பேனாவை வைத்தார். வெறும் இரைச்சல். மேலே நகர்த்தினார். ஒன்றுமில்லை. கணுக்காலுக்குப் பின்னால் மட்டும் மொத்தையாக ஒரு சத்தம் வந்தது. அது மெயின் ரோடு. ஐந்து விரல்களிலும் மௌனம். எனக்கு அந்த டெய்லர் ஞாபகம் வந்தது. டாக்டரம்மா போன் இருக்கிற பக்கம் திரும்பிவிடுவாரோ என்று பயந்தேன்.

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுப் புறங்கையால் பாதத்தைத் தொட்டார். உள்ளங்காலைத் தொட்டார். பிறகு நல்ல காலையும் தொட்டார். முதல் முறையாக அண்ணாவின் முகத்தை நிமிர்ந்து பார்த்தார்.

"என்ன சாமி இது, ரெண்டு காலும் ஐஸாட்டம் இருக்கு. குளிச்சிட்டா வந்தீங்க?"

"ஸ்நானம் பண்ணாம எப்படிம்மா?"

"எங்க?"

"கொள்ளிடத்துல."

"புண்ணோட ஆத்துலயா!" கிளினிக் அதிர்ந்தது. வெளியே இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"பிளாஸ்டிக் பையைச் சுத்திக் கட்டிண்டுதான் இறங்கினேன்" என்றார் அண்ணா. பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "திங்கக்கிழமை எடுத்துடறாளாமே. ரெண்டு காலோட இது கடைசி ஸ்நானம்னு நெனச்சேன்" என்றார்.

டாக்டரம்மாவின் வாய் திறந்தது, ஆனால் திட்டு வரவில்லை. அந்த வாய் திட்டாமல் மூடிக்கொண்டதை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

"ஃபேக்டரி, ஜன்னலைச் சாத்துங்க. குளிர்ல இந்தச் சின்னக் குழாய்ங்க சுருங்கி ஒளிஞ்சுக்கும். அதான் சர்ஜன் கைக்கும் ஆம்படலை, எனக்கும் ஆம்படலை. சூடு ஏறட்டும், அப்புறம் கேப்போம்."

நான் பாய்ந்து போய் அடுப்பில் வெந்நீரை வைத்தேன். தூக்கிக்கொண்டு வந்தேனோ இல்லையோ, "உணர்ச்சி இல்லாத கால்ல வெந்நீரா? வெந்துபோனாக்கூட அவருக்குத் தெரியாதே! இரும்பை வச்சு மாரடிச்சு மாரடிச்சு மூளையும் இரும்பாயிடுச்சா?" என்று எனக்கு விழுந்தது. அண்ணாவுக்குப் போகவேண்டிய திட்டும் சேர்த்து விழுந்தது என்று நினைக்கிறேன். தன்னுடைய வெளிநாட்டுக் கம்பளிகள் இரண்டை எடுத்துவந்து அண்ணாவை இடுப்பிலிருந்து பாதம்வரை சுற்றினார். ஒரு ஸ்டூலைப் போட்டுக் காலடியில் உட்கார்ந்தார். வெளியே காத்திருந்தவர்களில் ஒருவர், "எங்களை எப்பம்மா பாப்பீங்க?" என்று குரல் கொடுத்தார். "இந்தக் கால் முடிஞ்சாத்தான் அடுத்த கால்" என்று பதில் போனது.

ஒரு மணி நேரத்துக்கு மேல் இருக்கும். கம்பளியை விலக்கித் தொட்டுப் பார்த்தார். புதிதாகக் கஞ்சியைத் தடவினார். கட்டைவிரலின் அடியில், உள்பக்கமாக, பேனாவை வைத்தும் வைக்காமலும் பிடித்தார்.

"மூச்சு விடாதீங்க."

அண்ணா மூச்சை அடக்கினார்.

"நீங்க இல்ல சாமி. ஃபேக்டரி, நீங்க. புஸ்ஸு புஸ்ஸுன்னு காதுல விழுது."

நான் அடக்கினேன். இரைச்சல். இரைச்சல். அதற்குள்ளே எங்கேயோ, யாரோ தூரத்தில் முறத்தில் அரிசி புடைக்கிற மாதிரி ஒரு சத்தம். உஷ். நின்றது. அரை நெல் நகர்த்தினார். உஷ், உஷ், உஷ், உஷ்.

"ஐயோ, வருது!" என்று நான் கத்திவிட்டேன்.

அடுத்த விரலில் வந்தது. நடுவிரலில் வந்தது. நாலாம் விரலில் இருந்ததா இல்லையா என்று சொல்லமுடியாத ஒன்று. சுண்டுவிரலில் எவ்வளவு தேடியும் இல்லை. டாக்டரம்மா ஊதா மை பேனாவை எடுத்து அண்ணாவின் பாதத்தில் ஒரு கோடு போட்டார். "இந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் உயிர் இருக்கு சாமி. அந்தப் பக்கம் போனது போனதுதான். ரெண்டு விரல் குடுங்க. காலை நான் கேட்டு வாங்கித் தரேன்."

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு, கோயிலுக்குக் கட்டிய வெள்ளைப் புடவையிலேயே, மெஷினும் கஞ்சி பாட்டிலுமாக சர்ஜன் வீட்டுக்கே வந்தார். அண்ணாவையும் வரச்சொல்லியிருந்தார். இந்த முறை வெதுவெதுப்பான தண்ணீரில் ஸ்நானம், கம்பளி, டாக்ஸி. சர்ஜனுக்கு வியாக்கியானமெல்லாம் செய்யவில்லை. ஹெட்போனை அவர் காதில் மாட்டிவிட்டு, பேனாவைக் கட்டைவிரலில் வைத்தார். அவர் கேட்டார். கண்ணை மூடிக்கொண்டு இன்னும் கேட்டார். "புண்ணு மேலே ஏறினா?" என்றார். "தினம் வந்து கேக்கறேன். கொஞ்சம் குறைஞ்சாலும் நானே உங்ககிட்ட எடுக்கச் சொல்றேன்" என்றார் டாக்டரம்மா. சர்ஜன் ஹெட்போனைக் கழற்றி மேஜைமேல் வைத்து, "சரி, ரெண்டு விரல்" என்றார். பெரிய மனுஷர்.

திங்கட்கிழமை இரண்டு விரல்கள் போயின. அப்புறம் தினமும் அந்த அம்மா வந்தார். ஆஸ்பத்திரியில் இருந்தவரை அங்கே, வீட்டுக்கு வந்தபிறகு மன்னார்புரத்திலிருந்து டவுன் பஸ்ஸில் ஸ்ரீரங்கத்துக்கு. வந்து, கேட்டு, குறித்துக்கொண்டு, மன்னியிடம் "சாதம் குறைச்சீங்களா?" என்று மிரட்டிவிட்டுப் போவார். புண் முதலில் ஆறவேயில்லை. பிறகு ஓரத்தில் ஒரு ரோஜாநிறம் வந்தது. சித்திரை முடிவதற்குள் மூடிவிட்டது. அண்ணா தன் இரண்டு காலில் எழுந்து கூடத்தைக் கடந்த அன்று நான் சின்னக் குழந்தை மாதிரி அழுதேன். சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை.

அத்தோடு முடிந்தது என்று நினைத்தோம். அண்ணா முடிக்கவில்லை. "மறுபடி தாங்கணும்" என்றார்.

"வெறுங்காலோட ஒரு அடி வைக்கக்கூடாது. மெத்துன்னு ரப்பர் செருப்பு போட்டாத்தான் நடக்கலாம்" என்றார் டாக்டரம்மா.

"பெருமாளைத் தாங்கிண்டு செருப்பா? அபசாரம்!" என்றார் பெரியவர்.

இரண்டு பக்கமும் ஒரு அங்குலம் இறங்கவில்லை. நடுவில் நான் ஸ்கூட்டரில் அல்லாடினேன். பல மாதம் போயிற்று. கடைசியில் பெரியவர்தான், "தோலும் ரப்பரும்தான் கூடாது. வஸ்திரம் சுத்திண்டா தோஷமில்லை" என்றார். அதைக் கொண்டுபோய்ச் சொன்னேன். டாக்டரம்மா ஒரு வாரம் யோசித்தார். புதுப் பஞ்சை அழுத்தி, பழைய வெள்ளைத் துணியில் வைத்துத் தைத்து, பாதத்துக்கு அளவெடுத்து ஒரு உறை செய்தார். விரல் இல்லாத இடத்தில் தனியாக ஒரு சின்னப் பொதி. "வெயில் தாழ்ந்தப்புறம்தான். கிழக்குச் சித்திரை வீதில பாதி தூரம்தான். அதுக்கு மேல ஒரு அடி வச்சா நானே வந்து பல்லக்கை நிறுத்துவேன்" என்றார். நிறுத்தியிருப்பார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

மறுவருஷம் பங்குனியில் ஒரு சாயங்காலம். வீதி கொள்ளாத கூட்டம். நாகஸ்வரம் திருப்பத்தில் கேட்டதும் எல்லோரும் எம்பினார்கள். பல்லக்கு திரும்பியது. இடதுபக்க முன்தண்டில் அண்ணா. பெருமாள் ஒய்யாரமாக அசைந்து அசைந்து வந்தார். "ரங்கா! ரங்கா!" என்று ஆயிரம் கை மேலே போயிற்று, ஆயிரம் முகம் நிமிர்ந்தது.

என் பக்கத்தில் நின்ற டாக்டரம்மா மட்டும் குனிந்தார். தோளில் மெஷின் பையோடு, முழங்காலில் கையை ஊன்றி, கூட்டத்தின் கால்களுக்கு நடுவே பார்த்துக்கொண்டிருந்தார். அத்தனை ஜோடிக் கால் ஒரே காலாக விழுந்து எழுந்தது. அதில் ஒரு கால் வெள்ளைத் துணியில். அது தப்படி வைக்கவில்லை. பெருமாள் குலுங்கவில்லை.

"நடக்குது ஃபேக்டரி" என்றார், இன்னும் குனிந்தபடியே. "பாருங்க, நடக்குது!" நிமிர்ந்தபோது அவர் முகமெல்லாம் ஈரமாக இருந்தது. அதைத் துடைத்துக்கொள்ளக்கூட மறந்துபோய்ச் சிரித்துக்கொண்டிருந்தார்.

பாதி வீதியில் அண்ணா தண்டை இன்னொருவர் தோளுக்கு மாற்றிக்கொடுத்துவிட்டு வந்தார். புறப்பாடு முடிந்ததும் தாங்கிகள் எல்லோரும் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். கூடத்தில் அண்ணாவைப் படுக்கவைத்து, உறையைக் கழற்றி, டாக்டரம்மா கஞ்சியைத் தடவினார். சுற்றிலும் வேர்த்த உடம்பும் திருமண்ணுமாக அத்தனை பேரும் மூச்சடக்கி நின்றார்கள். பேனா கட்டைவிரலைத் தொட்டது. உஷ், உஷ், உஷ். கூடம் முழுக்க அந்தச் சத்தம்.

"இதுவா? இதுதான் உள்ளே ஓடறதா?" என்றார் பெரியவர்.

"ஆமாம் சாமி. இது எல்லாருக்கும் ஓடணும். உங்கள்ல கல்லு சுடாதவங்க எத்தனை பேரு?"

அண்ணா எழுந்து உட்கார்ந்து அவர்களைப் பார்த்தார். "சொல்லிடுங்கோ. எனக்குச் சுடாததைக் கடாட்சம்னு நெனச்சுண்டிருந்தேன். கடாட்சம் அது இல்லை. மன்னார்புரத்துலேர்ந்து தினம் பஸ் ஏறி வந்ததே, அதுதான்" என்றார்.

பெரியவர் பஞ்சகச்சத்தைச் சற்றுத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மெல்ல சுவரோரம் உட்கார்ந்தார். காலை நீட்டினார். அவர் பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து நீட்டினார். அப்புறம் இன்னொருவர். சுவர் நீளத்துக்கும் கால்கள், பெருமாளைச் சுமந்து வந்த தூசியோடு.

டாக்டரம்மா அண்ணாவின் பாதத்தைத் துடைத்துக் கம்பளியில் வைத்தார். ஸ்டூலை நகர்த்திப் போட்டுக்கொண்டார். யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை.

"அடுத்த கால்!"